சந்தனம் மணத்த ரேம்

சுகந்திக்கும் மேனகாவுக்கும்,

அடுத்த மாதம் நாங்கள் கந்தப்பளைக்கு வீடு மாறுகிறோம். அங்கிருந்து தினமும் ஹட்டனுக்கு வந்துபோக முடியுமா என்று ஆறு மாதமாக யோசித்துவிட்டு, வேலையை விடுகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று மறுநாள் போய் இன்னொரு முறை கேட்டேன். "சரியாத்தாம்மா சொன்ன. போறதுக்கு முன்ன புது புள்ளைங்களுக்கு ரெண்டு பக்கம் எழுதி வச்சிட்டுப் போ" என்றார்.

ஆறு வருட வேலையை அனுபவம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முப்பது, நாற்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. (இரண்டு முடி இருக்கிறது. அதற்குக் காரணம் கடை அல்ல, என் மகன்.) ஆனாலும் சொன்னதைச் செய்யாமல் போனால் தூக்கம் வராது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு கம்ப்யூட்டருக்கு ஓ.எஸ். போடுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அது கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது, நீங்களும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். போடப் போட நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். இன்னும் நேர்மையாகச் சொன்னால், அப்போது என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்ல எனக்கு நல்ல தகுதி இருக்கிறது.

ஐந்து வருடத்துக்கு முன்பு நடந்தது இது. அப்போது மகனுக்கு ஒன்றரை வயது. அவனைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு நான் வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்க்கும் பெண்ணின் தொலைபேசி எண்ணை என் போனில் மூன்று பெயர்களில் சேமித்து வைத்திருந்தேன், ஒன்று அழிந்துபோனாலும் மற்றது இருக்கட்டும் என்று. அன்று காலை அவன் உடம்பு கொஞ்சம் சூடாக இருப்பதுபோல் தோன்றியது. என் கை குளிர்ந்திருந்ததால் அப்படித் தோன்றியதோ என்னவோ. கடைக்கு வந்ததும் ஒருமுறை அழைத்தேன். பத்து மணிக்கு இன்னொரு முறை அழைத்தேன்.

பத்தேகால் மணிக்கு ஆசிரியர் வந்தார். டயகமப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மழை. பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றி, அதற்கு மேல் உரப்பையை வெட்டிப் போர்த்தி, ஒரு பெரிய குழந்தையைத் தூக்கி வருவதுபோல் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் முழுக்க நனைந்திருந்தார். உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் ஒரு துளி ஈரம் இல்லை.

"பிள்ளை, இது எங்கடை பள்ளிக்கூடத்தின்ரை ஒரேயொரு கொம்பியூட்டர்" என்றார். "நேற்றிலயிருந்து ஸ்கிரீன் நீலமாய்ப் போய்ப் போய் நிக்குது. பின்னேரம் மூண்டரை பஸ்ஸுக்கு எனக்கு இது வேணும்."

"இன்னைக்கேவா சேர்?"

"நாளைக்குத்தான் கடைசி நாள். எங்கடை பதினொராம் வகுப்புப் பிள்ளையள் இருபத்திரண்டு பேரின்ரை சோதனை விண்ணப்பம் இதுக்குள்ள கிடக்குது. காலமை தாய் தேப்பன் எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாமல் நிண்டு, ஸ்கிரீனில பேரைப் பாத்துச் சரியெண்டு கையெழுத்து வைக்கோணும். பிறகுதான் அனுப்பலாம்."

மூன்றரை பஸ் ஹட்டனிலேயே புறப்படுவதால் அதில்தான் உட்கார இடம் கிடைக்கும். அதற்கடுத்ததில் நின்றுகொண்டு போக வேண்டும். டயகம வரைக்கும் அந்த வளைவுகளில் நின்றபடி ஒரு கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டு போக யாராலும் முடியாது.

முதலாளி அன்று காலை ரயிலில் கொழும்புக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். இருந்தாலும் முறையாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"உள்ள இருக்கிற ஃபைல் எல்லாத்துக்கும் கொப்பி இருக்கா சேர்?"

"ஓமோம். கொப்பி எடுத்து வச்சிருக்கிறன்."

அந்த ஒரு பதிலில் எனக்குப் பெரிய நிம்மதி. வருடக்கணக்காக வரவுப் பதிவேடு எழுதியவர் கொப்பி இருக்கிறது என்றால் இருக்கத்தான் செய்யும்.

பென்டிரைவைச் செருகி ஓ.எஸ். போட ஆரம்பித்தேன். நாற்பத்தொன்பது வீதத்தில் நின்றது. தேவையான கோப்பு பழுதடைந்திருக்கிறது என்று எழுத்து வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். பதினேழில் நின்றது. பென்டிரைவ் சரியில்லையோ என்று வேறொன்றைத் தயார் செய்து போட்டேன். இந்த முறை அறுபத்திரண்டு வரை போனது. ஆசிரியர் எழுந்து நின்று பார்த்தார். அங்கே நின்றது. அவர் உட்கார்ந்தார்.

அடுத்து ரேம், நினைவகத்துக்கான அந்தச் சின்னப் பச்சைப் பலகை. முதலாளி ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் டப்பாவில் சோதனைக்கென்று ஒரு நல்ல ரேம் வைத்திருப்பார் அல்லவா? சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரின் ரேமைக் கழற்றிவிட்டு அதை மாட்டிப் பார்ப்போம். அப்போது வேலை செய்தால் பழுது அவர்களுடைய ரேமில். செய்யாவிட்டால் வேறெங்கோ. அதை எடுத்து மாட்டினேன். முப்பத்தொன்றில் நின்றது. ஆக, ரேமில் பழுதில்லை என்று முடிவுசெய்தேன்.

"என்ன பிள்ளை, இஞ்சை கோயில் மணம் வருது?" என்றார் ஆசிரியர்.

"முதலாளி காலைல சாம்பிராணி போடுவாருங்க சேர்" என்றேன்.

முதலாளி அன்று கடைப்பக்கம் வராமலே ரயில் ஏறிவிட்டார், சாம்பிராணி போடவே இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் சொன்னேன். பதற்றத்தில் இருக்கும்போது வாய்க்கு வருகிற முதல் காரணம் நமக்கே உண்மைபோலத் தோன்றும்.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ரேம் மாத்திப் பாத்தியாம்மா?"

"பாத்தேங்க."

"பென்டிரைவ்?"

"ரெண்டு மாத்திட்டேங்க."

"அப்ப ஹார்ட் டிஸ்க்குதான். மொத்தமா..." ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது. இரண்டு நிமிடம் கழித்து அவரே அழைத்தார். "மொத்தமா அழிச்சிட்டு புதுசா போடு. அப்பவும் நின்னா..." அடுத்த சுரங்கம். நம் பாதையில் ரயிலில் போகிறவரிடம் ஆலோசனை கேட்காதீர்கள். பாதி ஆலோசனை மலைக்குள் போய்விடும்.

நேரம் ஒன்றேகால். நான் பிள்ளைக் காம்பராவுக்கு அழைத்தேன்.

"அக்கா, இது நாலாவது தடவை" என்றாள் அந்தப் பெண். "காச்சலும் இல்ல ஒன்னும் இல்ல. புள்ள தூங்குது. நீங்க போன் அடிக்கிறதுலதான் முழிச்சிக்கிது."

மகன் அழும் சத்தம் கேட்டது. நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

டிஸ்க்கை அழிக்கும் இடத்துக்கு வந்தேன். அழித்தால் எல்லாம் போய்விடும், சரியா என்று திரை கேட்டது. மவுஸ் அம்பு சரி என்பதன் மேல் நின்றது. எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்த பிறகும் போய்ப் பார்ப்பேன். என் கணவர் இதற்காக என்னைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அந்தப் பழக்கத்தில், ஒன்றையும் யோசிக்காமல், மறுபடி கேட்டேன்.

"சேர், கொப்பி எங்க வச்சிருக்கீங்க?"

"பத்திரமாய் இருக்குது பிள்ளை. ரெண்டு கொப்பி."

"எங்க சேர்?"

"இதுக்குள்ளதான். ஒண்டு முன்னுக்கே கிடக்குது. மற்றது வேறை ஃபோல்டருக்குள்ள."

கையை மவுஸிலிருந்து எடுத்தேன். எடுத்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

"இதே கம்ப்யூட்டருக்குள்ளயா சேர்?"

"பின்னை எங்க வைக்கிறது? இது ஒண்டுதானே இருக்குது."

என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, படம் எல்லாம் என் ஒரு விரலுக்குக் கீழே இருந்தது. அதை நான் அழுத்தாததற்குத் திறமை காரணமல்ல. அடுப்பை மூன்று முறை பார்க்கும் பைத்தியக்காரத்தனம்தான் காரணம்.

டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, உள்ளே இருப்பதை முதலில் எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பத்தேகாலுக்கே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒன்றரைக்குச் செய்தேன். கொப்பி இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். எங்கே என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் நீங்களே ஒன்று எடுத்து வையுங்கள்.

டிஸ்க்கை நம் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஒரு தடங்கலும் இல்லாமல் திறந்தது. படங்கள் வரிசையாக வந்தன. எல்லாப் பிள்ளைகளும் கழுத்துப் பட்டியை இறுக்கிக்கொண்டு, நெற்றியில் பொட்டோடு, மூச்சை அடக்கியபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொன்னார்.

"இவ டொக்டராய் வருவன் எண்டு நிக்கிறா. இவன் ஒண்டுக்கும் நிக்கமாட்டான், ஆனா கணிதத்தில கெட்டிக்காரன். இவவின்ரை தாய் மூண்டு தரம் வந்து கேட்டிட்டா, பேர் சரியாய்ப் போட்டிருக்குதோ எண்டு."

எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தேன். இன்னொன்றில் ஏற்றி நான் வைத்துக்கொண்டேன். மூன்றாவதாக ஒன்று எடுக்கலாமா என்று தோன்றியதை அடக்கிக்கொண்டேன்.

பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். ஆனால் கம்ப்யூட்டர் இன்னும் செத்துத்தான் கிடந்தது. அது இல்லாமல் நாளை காலை பெற்றோருக்கு எதைக் காட்டுவது? மணி ஒன்று ஐம்பது.

டிஸ்க்தான் பழுது என்று முதலாளி சொன்னார், நானும் நம்பினேன். அந்த டிஸ்க் இப்போது எங்கள் கம்ப்யூட்டரில் நன்றாக வேலை செய்கிறது. அப்படியானால் நான் எங்கோ தவறாக முடிவெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முயற்சியும் எங்கே நின்றது என்று நோட்டில் எழுதியிருந்தேன். அதைத் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்பது, பதினேழு, அறுபத்திரண்டு, முப்பத்தொன்று. டிஸ்க்கில் பழுது என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தை ஒட்டித்தான் நிற்கும். இப்படி நினைத்த நினைத்த இடத்தில் நின்றால் முதலில் ரேமைத்தான் சந்தேகப்பட வேண்டும். இது எனக்குப் படித்த காலத்திலிருந்தே தெரியும். ஒழுங்காக நோட்டில் எழுதினேனே தவிர, எழுதியதை வாசிக்கவில்லை.

ஆனால் ரேமை மாற்றிப் பார்த்துவிட்டேனே? நல்ல ரேமை அல்லவா போட்டேன்?

"நல்ல ரேம் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார் ஆசிரியர். நான் என்னையறியாமல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது எப்பவும் நல்ல ரேம்தாங்க சேர்."

"எங்கடை பள்ளிக்கூடத்திலயும் எப்பவும் நல்ல பிள்ளையெண்டு ஒருத்தன் இருந்தவன். யன்னல் உடைச்சது ஆரெண்டு ஒரு வருசமாய்த் தேடினனாங்கள்."

அந்த நல்ல ரேமைக் கழற்றி, நம் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் அது. திரை நீலமாகி நின்றது. இப்போது கடையில் இரண்டு கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, கேட்பதற்கு முதலாளியும் இல்லை. இருந்தாலும் அன்று முழுவதிலும் எனக்கு அதைவிடச் சந்தோஷமான நேரம் வேறில்லை.

அதை வெளியே எடுத்தேன். சூடாக இருந்தது. சூட்டோடு ஒரு மணம் வந்தது.

சந்தனம்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு கடையில் ஆயுத பூசை. "கடையில இருக்கிற எல்லாத்துக்கும் பொட்டு வச்சிரும்மா" என்று முதலாளி சொல்லிவிட்டு வடை வாங்கப் போனார். எல்லாத்துக்கும் என்றால் நான் எல்லாவற்றுக்கும்தான் வைப்பேன். கடைக் கம்ப்யூட்டர், பிரிண்டர், திருப்புளி, ஈயம் பற்றவைக்கும் குச்சி, நாற்காலி. சிவப்பு டப்பாவுக்கும் வைத்தேன். டப்பாவுக்கு மட்டும் வைத்தால் உள்ளே இருப்பதை ஒதுக்கியதுபோல் ஆகிவிடுமோ என்று திறந்து ரேமுக்கும் வைத்தேன். ஒட்டியிருந்த லேபிள் கெடக் கூடாது என்று அதைத் தவிர்த்து ஓரத்தில், மிகக் கவனமாக வைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மறுநாள் காலை, சந்தனம் காய்ந்து உதிர்ந்தால் கெடுதல் என்று எனக்குப் பயம் வந்தது. ஈரத் துணியால் துடைத்தேன், நன்றாக அழுத்தித் துடைத்தேன். பச்சைப் பலகையின் ஓரத்தில் ஒரு பொட்டாக இருந்த சந்தனத்தை, கீழே, கம்ப்யூட்டரோடு இணையும் தங்க நிறப் பற்கள் முழுவதற்கும் நானே பூசிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக, ஒழுங்காக, ஒரு பல்லையும் விடாமல்.

கேஸ் அடுப்பு, கதவுப் பூட்டு, மகனின் நெற்றி என்று எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிற நான், என் கையால் துடைத்ததை மட்டும் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நான்தானே துடைத்தேன் என்ற நம்பிக்கை.

இதையெல்லாம் ஆசிரியரிடம் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் நான் மறைத்தால் என் முகம் சொல்லிவிடும். அவர் ரேமை வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தார்.

"நல்ல சந்தனம்" என்றார். "அப்ப எங்கடை ரேம்?"

அவருடைய ரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பற்களில் மங்கலாகப் பச்சை பூத்திருந்தது. கம்ப்யூட்டரைப் பாடசாலையில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னலோரத்தில், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று, என்றார். டயகமவில் ஜன்னல் வழியாகக் காற்று வருவதில்லை, மேகம்தான் வரும். ஆக அவருடைய ரேமும் அழுக்கு, அதைச் சோதிக்க நான் போட்ட ரேமும் அழுக்கு. ஒன்றுக்கு மேகம் காரணம், மற்றதற்கு நான்.

இதற்கு மருந்து மிகச் சின்னது. பென்சில் எழுத்தை அழிக்கிற றப்பர் போதும். கடை முழுவதும் தேடினேன். ஒரு கம்ப்யூட்டர் கடையில் யார் பென்சிலால் எழுதுகிறார்கள்?

ஆசிரியர் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் தேய்ந்த வெள்ளை அழிறப்பர்.

"இருவத்தஞ்சு வருசமாய்ப் பிள்ளையளின்ரை பிழையை அழிக்கிறன்" என்றார். "தாரும், நான் செய்யிறன். நீர் துடைச்சது போதும்."

அவர் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று தேய்த்த தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டினேன். மாட்டினேன். டிஸ்க்கையும் திரும்ப மாட்டினேன். மணி இரண்டு இருபது. ஓ.எஸ். ஓடத் தொடங்கியது. பதினேழைத் தாண்டியது. முப்பத்தொன்றைத் தாண்டியது. நாற்பத்தொன்பதையும் தாண்டியது. அறுபத்திரண்டைத் தாண்டியபோது ஆசிரியர், பரீட்சை மண்டபத்தில் நடப்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நூறு வந்ததும் நின்றார்.

மூன்று பத்துக்கு அவருடைய கோப்புகளை ஏற்றி, திறந்து காட்டினேன். இருபத்திரண்டு பிள்ளைகளையும் எண்ணினார். நானும் எண்ணினேன். படுக்கை விரிப்பில் சுற்றி, உரப்பையைப் போர்த்தி, பஸ் நிலையம்வரை நான் குடை பிடித்துக்கொண்டு போனேன். குடை கம்ப்யூட்டருக்குத்தான். நாங்கள் இருவரும் நனைந்தோம்.

ஜன்னலோர ஆசனத்தில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார். "பிள்ளை, பொட்டு வையும், பிழையில்லை" என்றார் ஜன்னல் வழியாக. "துடைக்கிறதைத்தான் யோசிச்சுச் செய்யும்."

மறுநாள் முதலாளி கடைக்குள் கால் வைத்ததும், அவர் பையை இறக்கும் முன்பே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் ரேமைப் பார்த்தார். சாமிப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லவேள, சாமி மேல பழிய போடாம இருந்தியே" என்றார். பிறகு அவர் முகம் மாறியது. "ஏம்மா, இந்த மூணு வாரத்துல இந்த ரேம போட்டு வேற எத்தன மெஷின பாத்த?"

ஒன்றுதான். மல்லியப்பூச் சந்திப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்காவுடைய கம்ப்யூட்டர். ரேம் மாற்றியும் சரிவரவில்லை, அதனால் உள்ளே பெரிய போர்டே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நான் துக்கம் விசாரிப்பவள்போல் சொல்லி அனுப்பியிருந்தேன். உடனே போன் செய்தேன்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர் சாகலீங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"என்னது? அது மேல பூச்சாடி வச்சிட்டேனே!"

"தண்ணி ஊத்தினீங்களா அக்கா?"

"பூச்சாடின்னா தண்ணி ஊத்தாம?"

அது பிளாஸ்டிக் பூ என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லி முடிப்பதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. அன்று மாலையே அதைக் கொண்டுவந்தார். அழிறப்பரால் தேய்த்தேன், ஓடியது. தவறை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டிருந்தால் அது இன்னும் அந்தப் பூச்சாடியைத்தான் தாங்கிக்கொண்டிருக்கும். நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு போன் செய்ய வேண்டியிருக்கும். சீக்கிரம் செய்துவிடுங்கள்.

அதே நாள் மதியம் டயகமவிலிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"இருவத்திரண்டும் போய்ச் சேர்ந்திட்டுது பிள்ளை. அந்தத் தாய் நாலாந்தரமும் வந்து பேரைப் பாத்திட்டா." சிரித்தார். "சரியாய்த்தான் இருந்தது. ஆனாலும் வந்து பாத்தது நல்லதுதானே?"

"நல்லதுதாங்க சேர்" என்றேன். அந்தத் தாயை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவரை எனக்கு நன்றாகத் தெரியும்போல் இருந்தது.

சிவப்பு டப்பா மேல் தட்டில் இருக்கிறது. அதில் உள்ள ரேமை யாருடைய கம்ப்யூட்டரில் போடுவதற்கு முன்பும் நம் கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். இந்த வருடம் ஆயுத பூசைக்கு நீங்கள்தான் பொட்டு வைப்பீர்கள். டப்பாவின் மூடிக்கு வையுங்கள், போதும். உள்ளே இருப்பது கோபித்துக்கொள்ளாது. எனக்கு இது உறுதியாகத் தெரியும், ஐந்து பூசையாகப் பார்த்துவிட்டேன்.

ஆசிரியர் மறந்துவிட்டுப் போன அழிறப்பரும் அதே டப்பாவில்தான் இருக்கிறது. இப்போது நகத்தளவுதான் மிச்சம். ஒரு மூலையில் பல் தடம் இருக்கும், பயப்படாதீர்கள். மகனைக் கடைக்குக் கூட்டி வந்த ஒருநாள் அவன் கடித்தது. விழுங்கவில்லை. இரண்டு முறை வாயைத் திறந்து பார்த்தேன்.